கெட்டுப்போகாத பத்மாமிர்தம்

கள்ளிக்குப்பத்தில் சரசா புளிக்காய்ச்சல் கிளறுகிற நாளில், அம்பத்தூரில் நிற்காத ரயில்கள்கூட ஒரு நிமிடம் நின்று மூச்சை இழுத்துவிட்டுத்தான் அரக்கோணம் போகும் என்பார்கள். அது கொஞ்சம் அதிகம்தான். அரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவள் கட்டிக் கொடுத்த பொட்டலத்தோடு திருப்பதிக்கு நடந்தே போனவர்கள், மலையேறி, மொட்டை போட்டு, இறங்கி, திரும்பி வரும் வழியில் புத்தூரில் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, "இப்பதான் கெளறினாப்புல கீது" என்று சொன்னது சத்தியம். அந்தப் பெயரைத்தான் சம்பந்தி பத்மா ஊர் கூடியிருந்த கல்யாண மண்டபத்தில், ஒரே சொல்லில் குழி தோண்டிப் புதைத்தாள்.

அன்றைக்குச் சரசாவின் ஒரே மகள் தேவிப்பிரியாவுக்கு வளைகாப்பு. நல்ல கத்திரி வெயில். பெண் வீட்டுக்காரி என்கிற முறையில் சரசா விடியற்காலையிலேயே எழுந்து ஐந்து வகைக் கட்டுச்சோறு கிளறி, அண்டா அண்டாவாக வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். மாப்பிள்ளை ஸ்ரீநாத்தின் அம்மாதான் பத்மா. திருச்சிக்காரி, இப்போது இருப்பது சரசா வீட்டுக்கு எதிர் அடுக்குமாடியில். பட்டுப் புடவையின் மடிப்புக் கலையாமல் வந்து, ஒரு அண்டாவின் மூடியை இரண்டு விரலால் தூக்கி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்திய அந்த ஒரு கணத்தில் சொன்னாள்:

"அய்யய்யோ சம்பந்தி, ஊசிப்போச்சே!"

மண்டபம் முழுக்கக் கேட்டது. வாயில் வைத்த கவளத்தைச் சிலர் அப்படியே இலையில் துப்பினார்கள். பந்தியில் பாதிப் பேர் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

"வயித்துப் பிள்ளைக்காரி சாப்பிடற சாப்பாடு, ரிஸ்க் எடுக்க முடியாது. நீங்க வருத்தப்படாதீங்க சம்பந்தி. நம்ம ஸ்டாக் கார்ல இருக்கு."

ஸ்டாக் என்றால் பத்மாமிர்தம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, எலுமிச்சைச் சாதம், புளியோதரை, சாம்பார் சாதம் எல்லாவற்றையும் வெள்ளி நிறப் பையில் அடைத்து, ஆவியில் அவித்து, காற்றுப் புகாமல் சீல் வைத்து விற்கிற வியாபாரம். "திற, கொட்டு, சாப்பிடு!" என்று பையில் எழுதியிருக்கும். கீழே பொடி எழுத்தில், ஆறு மாதம் கெடாது என்றும். ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் அதைத்தான் மூன்று வேளையும் தின்று உயிர் வாழ்வதாகக் கேள்வி.

வளைகாப்புக்கு வருகிறவள் காரில் எதற்கு இத்தனை அட்டைப்பெட்டி ஏற்றிக்கொண்டு வந்தாள்? சரசாவின் மூளையில் அப்போதே ஆணி அடித்தாற்போல இந்தக் கேள்வி இறங்கிவிட்டது.

ஒரே ஒரு ஆள் மட்டும் இலையை விட்டு எழுந்திருக்கவில்லை. பத்மாவின் மாமனார் ஜெயராமன். ஆவடி டாங்கி ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அங்கே காலில் ஏதோ இரும்பு விழுந்து, அன்றிலிருந்து இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பார். கிழவர் புளிச்சோற்றை மூன்றாம் தடவை வாங்கிப் பிசைந்துகொண்டிருந்தார்.

"ஊசலம்மா. நல்லாத்தான் கீது" என்றார். திருச்சியில் பிறந்தாலும் ஆவடித் தண்ணீர் குடித்த நாக்கு.

"மாமா, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எழுந்திருங்க" என்று சொல்லி, பத்மா அவர் கையை இலையிலிருந்து எடுத்து, இலையை மடித்தேவிட்டாள். அந்த இலை போவதைக் கிழவர் பார்த்த பார்வை, ரயிலைத் தவறவிட்டவனுக்குக்கூட வராது.

உண்மையைச் சொன்னால், தேங்காய்ச்சோறு மட்டும் கொஞ்சம் நூல் விட்டிருந்தது. அந்த வெயிலில் வேனே உருகியிருக்கும், தேங்காய் எம்மாத்திரம்? இதைச் சரசாவும் ஒத்துக்கொள்வாள், சாமியிடம் மட்டும். ஆனால் பத்மா திறந்தது புளிச்சோற்று அண்டா. அதை மன்னிக்க முடியாது.

அன்று சாயங்காலமே தெருமுனையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் பேபியிடம் போய்ச் சரசா சபதம் போட்டாள். கையில் கிடைத்த முருங்கைக்காயைத் தரையில் அடித்து அடித்துச் சொன்னாள்.

"அவ வாயாலயே, 'ஊசல சம்பந்தி, நல்லா கீது, கொஞ்சம் குடுங்க'ன்னு நாலு பேரு எதிர்ல கெஞ்சணும். அத்த நான் காதால கேக்கணும். கேக்கல, எம்பேரு சரசா இல்ல."

"அவுங்க 'கீது'ன்னுலாம் பேச மாட்டாங்கக்கா" என்றாள் பேபி.

"சரி, 'இருக்கு'ன்னே சொல்லட்டும். அதுல நான் விட்டுக்குடுக்கறேன்."

"முருங்கக்காயக் கீழ வைக்கா. ஒடஞ்சா நீதான் வாங்கிக்கணும்."

சரசாவின் முதல் திட்டம் எளிமையானது. பத்மாமிர்தம் புளியோதரை ஒன்றை வாங்குவது; அதைக் கெட்டுப்போகவிடுவது; பேரப்பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்று, சபையில் அதைப் பிரித்துப் பத்மாவின் மூக்குக்கு நேராகப் பிடித்து, "அய்யய்யோ சம்பந்தி, ஊசிப்போச்சே!" என்பது. நாதஸ்வரக்காரருக்குக்கூட முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள், எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று.

பேபி பெயரில் ஒரு பையை வாங்கி வந்து மொட்டை மாடியில் வெயிலில் போட்டாள். மிச்சமிருந்த அக்கினி நட்சத்திரம் முழுக்க அது அங்கே கிடந்தது. பக்கத்தில் காயப்போட்ட வடகம் கருகிப்போனது. பிளாஸ்டிக் நாற்காலி கால் மடங்கிப் படுத்துவிட்டது. பாக்கெட் அசையவில்லை. ஒரு மூலையைக் கிழித்துப் பார்த்தாள். உள்ளே சோறு புது மாப்பிள்ளை மாதிரிப் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

இன்னொன்றை வாங்கி ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் சூடு வருகிற இடத்தில் செருகி வைத்தாள். வேறொன்றைத் தெரிந்த ஷேர் ஆட்டோக்காரரிடம் கொடுத்து, கண்ணாடிக்கு முன்னால் வைத்துக்கொள்ளச் சொன்னாள். அது ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்குமாக அலைந்து, அந்தச் சாலைகளின் பள்ளமெல்லாம் இறங்கி ஏறி, இரண்டு டயர் தேய்ந்து, ஒரு தடவை எஞ்சினே மாறி, கடைசியில் குத்தம்பாக்கம் புது பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. ஆட்டோக்காரருக்கு வழுக்கை விழுந்திருந்தது. பாக்கெட் வாங்கியபடியே இருந்தது.

"கெடேன்டி, கெட்டுத் தொலையேன்டி" என்று சரசா அதைக் கையில் வைத்துக்கொண்டு திட்டினாள். அடுப்படியில் ஒரு கரண்டி குழம்பை மூடாமல் வைத்தால் சாயங்காலத்துக்குள் பொங்கி நுரைத்துவிடுகிறது. இந்தச் சனியனுக்கு மட்டும் சாவே கிடையாதா? ஆறு மாதம் என்று போட்டிருந்ததே, அதுவும் பொய். பையில் போட்டிருந்த கடைசித் தேதி தாண்டியும் அது கெடவில்லை. இதையாவது சபையில் சொல்லலாம் என்றால், சொன்னால் பத்மாவுக்கு விளம்பரம்.

தரையில் கொட்டிப் பார்த்தாள். எறும்பு வரிசை வந்தது, சோற்றைப் பார்த்தது, சுற்றிக்கொண்டு போனது. தெரு நாய் முகர்ந்துவிட்டு, சரசாவை நிமிர்ந்து பார்த்து, "உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்?" என்பது போல வாலை மடக்கிக்கொண்டது. கடைசியில் வெறுத்துப்போய் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் காக்கைக்கு வைத்தாள். கள்ளிக்குப்பத்துக் காக்கை எதைத்தான் தின்னாது? செத்த எலி தின்னும், சோப்புக் கட்டி தின்னும், காயப்போட்ட பல்செட்டைக்கூடத் தூக்கிக்கொண்டு போகும். அதுவே வந்து, தலையை இப்படிச் சாய்த்து, அப்படிச் சாய்த்து, ஒரு பருக்கையைக் கொத்தி, உடனே அலகைச் சுவரில் துடைத்துக்கொண்டு பறந்துவிட்டது.

"காக்காவே தொடலியேக்கா" என்றாள் பேபி.

சரசா அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்ததோடு சரி.

பேர் வைக்கும் விழா வந்தது, போனது. பத்மா பந்தியில் பத்மாமிர்தம் பரிமாறினாள். சரசா பல்லைக் கடித்துக்கொண்டு மோர் மட்டும் குடித்துவிட்டு வந்தாள். மழைக்காலம் தொடங்கியபோது ஜெயராமன் தாத்தா போய்ச் சேர்ந்தார். நல்ல வயசு, தூக்கத்திலேயே போன சாவு. கடையில் விற்காமல் திரும்பி வருகிற பாக்கெட்டெல்லாம் கிழவர் தட்டில்தான் விழும் என்று தேவிப்பிரியா சொல்லியிருந்தாள். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் பேபி சரசாவின் காதோரம் குனிந்தாள்.

"பெரியவரு மூஞ்சப் பாருக்கா. அப்பிடியே ஃப்ரெஷ்ஷா கீது. ஐஸ் பொட்டியே வேணாம் போல. ஆறு மாசம் தாங்குவாரு."

சரசா சிரிப்பை அடக்கத் தொடையைக் கிள்ளிக்கொண்டு, ஓவென்று அழுதாள். "எவ்ளோ பாசம் பாரு சம்பந்திக்கு" என்று நாலு பேர் நெகிழ்ந்துபோனார்கள். அழுததில் பாதி உண்மையும்தான். அந்த மண்டபத்தில் அவளுக்காக வாய் திறந்த ஒரே மனுஷன்.

காரியம் முடிந்த அன்று பத்மா எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னாள்: "வருஷத் தெவசத்துக்கு மாமாவுக்கு நம்ம புளியோதரையையே படைக்கப் போறோம். அதை ரோஷினி லைவ் வீடியோ எடுக்கணும். 'எங்க முன்னோர்களுக்கே நாங்க இதைத்தான் வைக்கிறோம்.' மக்களுக்கு ஒரு நம்பிக்கை வரும் பாருங்க." ரோஷினி அவள் மகள், கல்லூரியில் படிப்பதை விடப் போனைப் பிடிப்பதில் தேர்ந்தவள்.

எல்லோரும் தலையாட்டினார்கள். சரசா மட்டும் ஆட்டவில்லை. அவள் கண்ணுக்கு முன்னால், அலகைச் சுவரில் துடைத்துக்கொண்டு பறந்த அந்தக் காக்கை வந்து உட்கார்ந்துவிட்டது. தெவசத்தன்று காக்கை எடுக்காத வரைக்கும் அந்த வீட்டில் யாரும் வாயில் பருக்கை போட முடியாது. பத்மா உட்பட.

தெருவைத் தாண்டி வீட்டுக்கு வரும்போது சரசா நடக்கவில்லை, மிதந்தாள்.

பத்மாவின் அடுக்குமாடியும் சரசாவின் வீடும் நேர் எதிர் எதிர். நடுவில் ஒரு தெரு. காக்கைகளுக்கு இரண்டு மொட்டை மாடியும் ஒரே வட்டாரம். மறுநாள் உச்சிவேளையிலிருந்து சரசாவின் மாடியில் பள்ளிக்கூடம் ஆரம்பமானது. முதலில் வெள்ளிப் பையைச் 'சர்ர்' என்று கிழிப்பாள். கிழித்த உடனே எவர்சில்வர் தாம்பாளத்தைக் கரண்டியால் அடித்து, விளக்குமாற்றை ஓங்கிக்கொண்டு ஓடுவாள். காக்கைகள் அலறிக்கொண்டு பறக்கும். கொஞ்சம் மூச்சு வாங்கிய பிறகு, வாழை இலையை விரித்து, நல்லெண்ணெய் மினுக்க மினுக்கப் புளிச்சோற்றை உருண்டை பிடித்து வைத்து, "வா ராஜா, வா" என்று கொஞ்சுவாள். வந்து தின்றுவிட்டுப் போகும்.

பேபி ஒருநாள் மாடிக்கு ஏறி வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னாக்கா, நீ மெய்யாலுமே நல்லாத்தான் கீறியா? காக்காவ வெரட்டிகினு, கொஞ்சிகினு..."

"இருடி. வருசம் திரும்பட்டும்."

நாளாவட்டத்தில் கிழிக்கிற சத்தம் கேட்டாலே போதும், தாம்பாளம்கூட வேண்டாம். கொரட்டூர் வரைக்கும் ஒரு காக்கை இருக்காது. "வா ராஜா" என்று வாயைத் திறந்தால், செங்குன்றத்துக் காக்கையெல்லாம்கூடச் சொந்தம் கொண்டாடிக்கொண்டு வந்து இறங்கும். அவற்றில் ஒன்று முரட்டுக் காக்கை. எந்தப் பட்டத்து மாஞ்சாக் கயிற்றில் மாட்டியதோ, இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கும். அதற்குச் சரசா எப்போதும் ஒரு உருண்டை கூடுதலாக வைத்தாள். முந்திரியோடு.

தெவசம் வந்தது. அடுக்குமாடியின் மொட்டை மாடியில் பத்மாவின் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. திருச்சியிலிருந்து ஜெயராமனின் தங்கை நாகம்மா, அந்த வயதிலும் முதல் ரயிலைப் பிடித்துப் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் வந்திருந்தாள். சரசா தண்ணீர்த் தொட்டி ஓரமாக, ஒயர் கூடையில் ஒரு டிபன் கேரியரை வைத்துக்கொண்டு, ஒன்றும் அறியாத குழந்தை போல உட்கார்ந்திருந்தாள். தொட்டி மேலே காக்கைகள் வரிசையாகக் காத்திருந்தன.

ரோஷினி போனைத் தூக்கிப் பிடித்தாள். பத்மா பொட்டைச் சரிசெய்துகொண்டு, இலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வணக்கம் ஃப்ரெண்ட்ஸ். இன்னிக்கு எங்க மாமாவோட தெவசம். மாமாவுக்கு ரொம்பப் பிடிச்ச நம்ம பத்மாமிர்தம் புளியோதரை. திற, கொட்டு, படை!"

சர்ர்.

தொட்டி மேலிருந்த காக்கைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பின. அப்படி எழும்பின வேகத்தில் நாகம்மாவின் முந்தானை பறந்தது. கண் மூடித் திறப்பதற்குள் வானம் கழுவிவிட்ட தட்டு மாதிரி இருந்தது.

"கா... கா..." என்றான் ஸ்ரீநாத், கையில் சோற்றோடு. வரவில்லை. அவன் தொண்டை கட்டிய பிறகு பத்மா கூப்பிட்டாள். அவளுக்குப் பிறகு மாடியில் இருந்த ஆண், பெண், குழந்தை எல்லோரும் கூப்பிட்டார்கள். கீழே வாட்ச்மேன் கூப்பிட்டார். ஒரு காக்கை இறகுகூட விழவில்லை.

"அம்மா, கமெண்ட் வருது" என்றாள் ரோஷினி. "'காக்கா எங்க மேடம்?'னு கேக்கறாங்க. 'காக்காவுக்கு எக்ஸ்பையரி டேட் தெரியும் போல'ன்னு ஒருத்தர் போட்டிருக்காரு. சிரிப்பு பொம்மை வேற."

"சும்மா இருடி!"

வெயில் ஏறியது. குழந்தைகள் சிணுங்கின. கூட்டத்தில் யாரோ ஒருவரின் வயிறு உறுமியது ரயில் சத்தத்தை மீறிக் கேட்டது. நாகம்மா எழுந்து நின்றாள்.

"எங்கண்ணன் கோவமா இருக்காரு பத்மா. வச்சது பிடிக்கல. நீ என்ன வச்ச?"

"அத்தை, அதெல்லாம் ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்ச நேரத்துல..."

"உயிரோட இருக்கறப்பவும் இதையே போட்டு, செத்த பிறகும் இதையே போட்டா எவன் வருவான்?" நாகம்மாவின் மூக்கு சட்டென்று விடைத்தது. சரசா கேரியர் மூடியை லேசாக, மிக லேசாக, நகர்த்தியிருந்தாள். "அது என்ன வாசனை? யாரு அது, என்ன வச்சிருக்கே?"

"ஒண்ணுமில்லக்கா" என்றாள் சரசா, மூடியை அவசரமாகப் போடுவது போலப் பாவனை செய்து. "எனக்கு மத்தியானம் மாத்திரை போடணும்னு கொஞ்சம் புளிச்சோறு. ஊசிப்போன சோறு. அத்த போயி..."

கூட்டமே திரும்பிப் பத்மாவைப் பார்த்தது. பசியோடு இருக்கிற முப்பது ஜோடிக் கண். அந்தக் கண்களுக்கு நடுவே பத்மா தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நடந்து வந்தாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு சுற்று இளைத்ததாக, எதிர் மாடியிலிருந்து பார்த்த பேபி பிற்பாடு சாதிப்பாள்.

"சம்பந்தி, அதை... கொஞ்சம் வச்சுப் பார்க்கலாமா?"

"அய்யய்யோ, வேணாம் சம்பந்தி!" சரசா கேரியரை மடியில் இழுத்துக்கொண்டாள். "வயித்துப் புள்ளக்காரிக்கே ஆவாத சோறு. பெரியவருக்கு ஆவுமா? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? ரிஸ்க் எடுக்க முடியாது சம்பந்தி."

"அப்படியெல்லாம் இல்ல..."

"நீங்க மோந்து பாத்துச் சொன்னாத்தான். உங்க மூக்குதான் மூக்கு. அன்னிக்கே பாத்தேனே."

சரசாவின் முதுகை ஒரு கை கிள்ளியது. தேவிப்பிரியா. "அம்மா, போதும்மா" என்று பல்லிடுக்கில் சொன்னாள். சரசாவுக்கு இப்போது முதுகே கிடையாது. காது மட்டும்தான் இருந்தது.

பத்மா குனிந்தாள். மூடியைத் திறந்தாள், இந்த முறை முந்தானை இல்லாமல். புளியும் பெருங்காயமும் வறுத்த வெந்தயமும் நல்லெண்ணெயும் சேர்ந்து முகத்தில் அடித்தன. காலையிலிருந்து ஒன்றும் தின்னாத வாயில் எச்சில் ஊறி, வழிந்துவிடாமல் விழுங்க வேண்டியிருந்தது. அந்த விழுங்கலைச் சரசா பார்த்தாள். அதுவே போதும்தான். ஆனால் போதும் என்று விடுகிறவளா அவள்?

"சொல்லுங்க சம்பந்தி. கேக்கல."

"ஊசல சம்பந்தி. ரொம்ப நல்லா இருக்கு. கொஞ்சம் குடுங்க."

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்குமோ கேக்காதோ..."

"ஊசல சம்பந்தி! ரொம்ப நல்லா இருக்கு! கொஞ்சம் குடுங்க!"

சரசா எழுந்தாள். வாழை இலை விரித்தாள். அதையும் கூடையில் கொண்டுவந்திருந்தாள். உருண்டை பிடித்து வைத்து, வானத்தைப் பார்த்து, "வா ராஜா, வா" என்றாள், கொஞ்சலாக.

வெயில் மறைந்தது. அத்தனை காக்கை. எல்லாவற்றுக்கும் முன்னால், இடது காலைச் சாய்த்துச் சாய்த்து, கைப்பிடிச் சுவர் மேலே நடந்து வந்தது ஒன்று. இலையை ஒரு தடவை பார்த்தது. பத்மாவை ஒரு தடவை பார்த்தது. முந்திரியை முதலில் எடுத்தது.

"அண்ணே!" என்று வீறிட்டாள் நாகம்மா. "அதே நடைடா! அதே காலுடா! அண்ணே, வந்துட்டியா!"

பத்மா கைப்பிடிச் சுவரில் நெற்றி இடிக்க விழுந்து கும்பிட்டாள். காக்கை அவளைக் கண்டுகொள்ளாமல் மூன்றாவது உருண்டைக்குப் போனது.

அந்தக் கேரியர் முப்பது பேருக்கு எப்படிக் காணும் என்று கேட்கக் கூடாது. எதிர் வீட்டில் ஒரு அண்டா தயாராக இருந்தது. பேபி தூக்கிக்கொண்டு வந்தாள். பத்மா இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள். மூன்றாம் தடவைக்கு அவள் கை நீண்டபோது, சரசா கரண்டியை அந்தரத்தில் நிறுத்தி, "போதும் சம்பந்தி, வயித்துக்கு ஆவாது" என்று சொல்லி இலையை மடித்தேவிட்டாள்.

சபதம் நிறைவேறியது. வேறு யாராக இருந்தாலும் இத்தோடு விட்டிருப்பார்கள்.

ரோஷினி போனை அணைக்க மறந்திருந்தாள். சரசா மறுநாளே அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மொபைல் கடைக்குப் போய், அந்த வீடியோவைக் காட்டி, வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி வாங்கிக்கொண்டாள். இப்போது அவளுக்கு யார் போன் பண்ணினாலும், ஷேர் ஆட்டோவில், ரேஷன் கடையில், திருமுல்லைவாயில் கோயில் பிரகாரத்தில், பத்மாவின் குரல்தான் கணீரென்று ஒலிக்கிறது.

போன வாரம் பேரனுக்கு மொட்டை. முன்வரிசையில் சம்பந்திகள் இருவரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். மடியில் குழந்தை. நாதஸ்வரம் முழங்கிக்கொண்டிருந்தது. சரசா திரும்பி, கடைசி வரிசையில் இருந்த பேபிக்குக் கண்ணைக் காட்டினாள். பேபி போனை எடுத்தாள். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்தும் வரைக்கும் பொறுமையாகக் காத்திருந்து, பொத்தானை அழுத்தினாள்.

"ஊசல சம்பந்தி! ரொம்ப நல்லா இருக்கு! கொஞ்சம் குடுங்க!"

சரசா போனை எடுக்கவே இல்லை. முழுசாக அடித்து முடியட்டும் என்று விட்டுவிட்டாள்.